போர்டில் எழுதிய விலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உழவர் சந்தையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் செயலாளருக்குத் தைரியம் அதிகம். ஏனென்றால் நான் மண்டிக்காரர் மகன். சேலத்தில் எங்க அப்பா காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்தார். நூற்றுக்குப் பத்து கமிஷன். 1976இல் நான் இங்கே பி.காம். சேர்ந்தபோது கட்டிய பணம் அந்தப் பத்திலிருந்து வந்ததுதான். சாயங்காலம் கல்லூரி விட்டதும் நேரே மண்டிக்குப் போய் பற்று வரவு நோட்டு எழுதுவேன். அக்கவுண்டன்சியை நான் உண்மையில் படித்தது அங்கேதான்!

என் வகுப்பில் பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் அப்பா எங்கள் மண்டிக்குத் தக்காளியும் கத்தரியும் போடுகிறவர். விதைக்கு, மருந்துக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று அப்பாவிடம் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குக் காய் கொண்டுபோகக் கூடாது, அதுதான் வழக்கம். எடையில் கழிவு என்று மூட்டைக்கு ரெண்டு கிலோ தள்ளுவோம். அதை ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாம் வருடம் தக்காளி விலை அடியோடு விழுந்தது. கூடையை இறக்கிய கூலிகூட தேறவில்லை. அடுத்த பருவத்துக்கு அவன் கல்லூரிக்கு வரவில்லை. எங்கள் 1979 குரூப் போட்டோவில் அவன் இல்லை. அவன் அப்பா பெயர் போட்ட பக்கத்தில் பற்று எழுதியவன் நான்தான். இதை இந்த மேடையில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இனி சந்தைக்கு வருகிறேன். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி. வேளாண்மைத் துறை அமைச்சர் நம்ம சேலத்துக்காரர் வீரபாண்டி ஆறுமுகம். யோசனை முற்றிலும் புதிதல்ல. பஞ்சாபில் 1987லேயே ‘அப்னி மண்டி’ வந்துவிட்டது. ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’. ஆனால் இங்கே வேகம் அதிகம். சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி என்று சேலத்துக்குள்ளேயே வரிசையாக வந்தன. அந்தப் பக்கம் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. எங்க அப்பா, "ஆறு மாசம் தாங்காது பாரு" என்றார். 2001க்குப் பிறகு ஆட்சி மாறிக் கொஞ்ச காலம் கவனிப்பில்லாமல் கிடந்ததும் உண்மை. 2006க்குப் பிறகு மறுபடி தூசி தட்டினார்கள். அப்பா போய்விட்டார், சந்தை இருக்கிறது.

அங்கே விதி சின்னதுதான். விளைவித்தவன் மட்டுமே விற்கலாம். சிட்டா, அடங்கல் காட்டி, போட்டோ ஒட்டிய அட்டை வாங்க வேண்டும். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசு அரசாங்கத்தது. விடியற்காலையில் அலுவலர்கள் மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு அன்றைய விலையைப் போர்டில் எழுதுகிறார்கள். மண்டி விலைக்கு ஏறத்தாழ 20 சதவீதம் மேலே, வெளிக்கடை விலைக்கு 15 சதவீதம் கீழே என்பது கணக்கு.

சந்தை வந்த புதிதில் ஒருநாள் என் வீட்டம்மா கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னார்கள். மண்டிக்காரன் வீட்டுக்கு உழவர் சந்தைக் காய்! தாதகாப்பட்டிக்குப் போனால், தராசுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். சிரித்தான். "அங்க தராசு உங்க கையில இருந்துச்சு, இங்க எங்கையில இருக்குதுடா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிலோ கேட்டதற்குக் கூட ரெண்டு காய் போட்டான்.

ஆனால் மண்டிக்காரன் புத்தி போகாது, இரண்டு குறை சொல்லியே தீருவேன். ஒன்று, போர்டு விலைக்கு மூலம் மண்டி விலைதான். அங்கே சரிந்தால் இங்கேயும் சரியும். ஆள் ஒருவர் உட்கார்ந்து சில்லறையாக எவ்வளவு விற்க முடியும்? நூறு பெட்டி தக்காளி விளைந்தவர் பத்தை இங்கே விற்று, தொண்ணூறை மண்டிக்குத்தான் ஏற்ற வேண்டும். இரண்டாவது, சந்தை விலை தருகிறது, கடன் தருவதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் உண்டு, ஆனால் நிலம் தன் பேரில் இருந்தால்தான் எளிது. குத்தகைக்காரருக்கு அங்கேயும் கஷ்டம், சந்தை அட்டைக்கும் அலைச்சல். ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் காயில் கருகிவிட்டது என்று வந்தவருக்கு எங்க அப்பா கையெழுத்து கேட்காமல் பணம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நோட்டில் எழுதத்தான் எழுதினார்! சந்தையில் விற்றுக்கொண்டிருந்த என் நண்பனே கிணறு தூர்வார எங்கள் மண்டிக்குத்தான் வந்தான். அந்த இடத்தை எந்த அரசும் இன்னும் சரியாக நிரப்பவில்லை என்பது என் எண்ணம்.

நாமக்கல் முட்டையைப் பாருங்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அந்த முட்டையில் பெரும்பகுதி நம் நாமக்கல் வட்டாரத்தது. அங்கே அரசாங்கம் இடம் மட்டும் கொடுக்கவில்லை, வாங்குகிறவராகவே வந்து நின்றது. பிள்ளையும் சாப்பிட்டது, பண்ணையும் நின்றது. கத்தரிக்காய்க்கும் வெண்டைக்கும் அப்படி ஒரு வாங்குகிறவர் இல்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் தினம் காய்கறி சாம்பார் வைக்கிறார்கள். அந்தக் காயை அந்தந்த ஊர்ச் சந்தையில், போர்டு விலைக்கே எடுத்தால் என்ன?

அரசாங்கத்தைக் கேட்கும் முன் நம்மைக் கேட்கலாம். இன்றைய விழாவுக்கு அவனையும் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கெழமதான்டா எனக்கு யாவாரமே. டிகிரி முடிக்காதவன் அங்க வந்து என்ன பண்ணப் போறேன்?" என்றான். அப்புறம் அவனே, "உங்க காலேஜ் ஹாஸ்டல்ல எத்தன பேரு சாப்புடறாங்க?" என்று கேட்டான். ஒன்பது மணிக்கு மேல் சந்தையில் ஆள் குறைந்துவிடும். மிஞ்சிய காயைத் திருப்பி ஏற்றிப்போக மனசு வராமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்களாம். அதை அன்றைய போர்டு விலைக்கே நம் விடுதி எடுத்துக்கொள்ளுமா என்பதுதான் அவன் கேள்வி.

விடுதிக் காப்பாளர் அவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் எடுத்துப் பார்க்கலாம். வண்டி வாடகையை முதல் ஒரு வருடம் எங்கள் 1979 செட் ஏற்றுக்கொள்கிறது. நேற்று ராத்திரியே பேசி முடித்துவிட்டோம். கணக்கு நோட்டை நான் எழுதுகிறேன். கழிவு கிடையாது.