வீட்டுக் கொடுமையைக் கோர்ட்டில் சொல்லுவது குற்றமா?

(ஒரு சுயமரியாதைத் திருமணக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



புரோகிதனும் மந்திரமும் இல்லாமல் இரண்டு பேர் தங்கள் சம்மதத்தைத் தாங்களே வாய்விட்டுச் சொல்லி இன்று வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இம்மாதிரித் திருமணம் செல்லும் என்று 1967-ம் வருஷத்திலேயே இந்த மாகாணத்தில் சட்டம் செய்யப்பட்டாகிவிட்டது. ஆகவே திருமணத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. நான் இன்று குடும்பக் கோர்ட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"கலியாண வீட்டில் கோர்ட்டுப் பேச்சா? அபசகுனமல்லவா?" என்று பின்னால் சில பெரியவர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. தோழர்களே! நாலு குழி நிலம் வாங்குகிறவன் வில்லங்கம் பார்க்கிறான். அதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெற்ற பெண்ணைக் கொடுக்கிறபோது, நாளைக்கு அவளுக்கு ஒரு கொடுமை நேர்ந்தால் என்ன வழி என்று கேட்டால் மாத்திரம் அது அபசகுனமாய்ப் போய்விடுகிறது! நிலத்துக்குள்ள மதிப்புகூடப் பெண்ணுக்கு இல்லையென்றுதானே இதற்கு அர்த்தம்?

சர்க்கார் 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கைப் பாருங்கள். 18 வயது முதல் 49 வயது வரையுள்ள கலியாணமான பெண்களில், புருஷன் கையால் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்தவர்கள் இந்தியா முழுவதும் சேர்த்து நூற்றுக்கு 29 பேர். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். இந்தப் பந்தலில் நூறு தாய்மார்கள் இருந்தால் அதில் 38 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த யோக்கியதையில் நாம் பெண்ணைத் தெய்வமென்றும், தாய்க்குலமென்றும் பிரமாதமாகப் பேசிக்கொள்கிறோம்.

"கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்று ஒரு பழமொழி சொல்லுவார்கள். கல்லாகவும் புல்லாகவும் இருந்துவிட்டால் எவ்வளவோ தேவலையே! கல் தானாக எழுந்து வந்து யாரையும் அடிப்பதில்லை. புல் யாருடைய சம்பளத்தையும் பிடுங்கிக்கொள்வதில்லை. மனிதனாயிருப்பவன்தான் இதையெல்லாம் செய்கிறான்.

அடி என்பதும் பாதிதான். மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாதது. ஒரு வீட்டில் புருஷன் ஒரு நாளும் கை நீட்டுவதில்லை. ஆனால் பெண்ஜாதியின் பாங்கிக் கார்டு அவன் சட்டைப் பையில் இருக்கும். அவள் செல்போனை இரவில் அவன் பரிசோதிப்பான். தாய் வீட்டுக்குப் போக உத்தரவு கிடைக்காது. பஸ் பத்து நிமிஷம் தாமதித்தால் யாரோடு நின்றாய் என்று விசாரணை நடக்கும். எதிர்த்துப் பேசினால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுவேன் என்பான். இப்படிப் பத்து வருஷம் வாழ்ந்தவளைப் பார்த்து, "உன்னை அவர் அடித்தாரா?" என்று ஊரார் கேட்டால், "இல்லை" என்றுதான் சொல்லுவாள். உடனே, "பின்னே என்ன குறை?" என்று அனுப்பிவிடுகிறார்கள். சிறைச்சாலையில் வார்டர் அடிக்காமலிருந்தால் அது சிறைச்சாலை இல்லையென்று ஆகிவிடுமா?

இங்கிலாந்தில் 2015-ம் வருஷம், இப்படி ஒருவரை நெருக்கி அடக்கியாளுவதையே தனிக்குற்றமாக்கி ஐந்து வருஷம் வரையில் தண்டனை வைத்தார்கள். நம் நாட்டில் அப்படித் தனிக்குற்றமென்று ஒரு பெயரில்லை. ஆனாலும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் என்று 2005-ல் ஒன்று செய்து, 2006 அக்டோபர் 26 முதல் அமுலில் இருக்கிறது. அது அடியை மாத்திரம் கொடுமையென்று சொல்லவில்லை. பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பணத்தால் செய்யும் கொடுமை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுகிறது. பிள்ளையில்லை, ஆண்பிள்ளையில்லை என்று இழித்துப் பேசுவதும், குடும்பச் செலவுக்குப் பணம் மறுப்பதும், நகையை விற்றுத் தின்பதும் அதில் வருகின்றன. வேலைக்குப் போகாமல் தடுப்பது, வீட்டைவிட்டு வெளியில் விடாமலிருப்பது, இன்னாரைப் பார்க்கக் கூடாதென்பது ஆகியவைகளும் அதன் விதிகளோடு சேர்ந்த அறிக்கை நமூனாவிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு சட்டம் இருந்தும் குடும்பக் கோர்ட்டில் நடப்பது என்ன? புருஷன் விவாகரத்தோ பிள்ளையோ கேட்டு வழக்குப் போடுகிறான். பெண் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால், "அதையெல்லாம் சொல்லாதே, ராஜி கெட்டுப்போகும்" என்று சொந்த வக்கீலே தடுக்கிறார். "குடும்ப மானம் போகும்" என்று தகப்பன் தடுக்கிறான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பாட்டி சொல்லுகிறாள். ஆக எல்லாரும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டு, பிறகு, "ஆரம்பத்தில் ஏன் சொல்லவில்லை? இப்பொழுது ஜோடித்துச் சொல்லுகிறாள்" என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இதனால் வரும் நஷ்டத்திற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். கொடுமை தாங்காமல் பெண் வெளியேறினால், புருஷன் இந்து விவாகச் சட்டம் 9-வது பிரிவின்படி, "என்னோடு வந்து வாழ உத்தரவிடுங்கள்" என்று பிராது கொடுக்கலாம். நியாயமான காரணமில்லாமல் பிரிந்திருந்தால்தான் அந்த உத்தரவு கிடைக்கும். அந்த நியாயமான காரணமே அவள் பட்ட கொடுமைதான். அதை அவள் சொல்லாவிட்டால் காரணமில்லாமல் ஓடிப்போனவளாகிறாள்! ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

இதை நம் பழைய கலாச்சாரம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது இங்கிலாந்துப் பாதிரிமார் கோர்ட்டிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு. பம்பாயில் ருக்மாபாய் என்னும் பெண், தனக்குப் பதினோரு வயதில் கட்டிவைத்த புருஷனிடம் போகமாட்டேன் என்றார். 1887-ல் கோர்ட்டு, "போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை" என்றது. "சிறைக்கே போகிறேன்" என்றார். பிறகு பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு, சீமை சென்று படித்து டாக்டரானார். இங்கிலாந்துக்காரன் 1970-ல் சட்டம் செய்து அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டான். நாம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். 1983-ல் ஆந்திர ஹைக்கோர்ட்டு இப்பிரிவு செல்லாது என்றது. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட்டு செல்லும் என்றது. 2025 ஜனவரியில் அதே சுப்ரீம் கோர்ட்டு, தக்க காரணமிருந்தால் அந்த உத்தரவின்படி போகாத பெண்ணுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று சொல்லியிருக்கிறது. அதற்கும் காரணத்தைச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஆகையால் தாய்மார்களே! சொல்லுங்கள். முதலிலேயே சொல்லுங்கள். குடும்பக் கோர்ட்டில் வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் அந்த வழக்கிலேயே 2005-ம் வருஷச் சட்டத்தின் பரிகாரங்களைக் கேட்க 26-வது பிரிவு இடங்கொடுக்கிறது. புருஷன் நெருங்கக்கூடாதென்ற பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பணம், பிள்ளை எல்லாம் கேட்கலாம். பிள்ளையைத் தகப்பன் பார்த்துப் போவது பிள்ளைக்குக் கெடுதலென்று பட்டால் மாஜிஸ்திரேட் அதை மறுக்க வேண்டுமென்றே சட்டத்தில் இருக்கிறது. "வீடு மாமியார் பேரில் இருக்கிறது, வெளியே போ" என்றாலும் பயப்பட வேண்டாம். குடித்தனம் செய்த வீடு புருஷன் வீட்டார் பேரிலிருந்தாலும் குடியிருக்கும் உரிமை உண்டென்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்திருக்கிறது. மாமியார், நாத்தனார் கொடுமை செய்தாலும் அவர்கள் மீதும் பிராது செய்யலாமென்று 2016-ல் தீர்ப்பாகியிருக்கிறது.

ருசுவுக்கு எங்கே போவது என்பீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு ருசு. செல்போனில் வந்த மிரட்டல் ருசு. பாங்கிக் கணக்கு ருசு. தேதி போட்டு எழுதிவைத்த நோட்டுப் புத்தகமும் உதவும். குடும்பக் கோர்ட்டு சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி பாராமல், வழக்குக்கு உதவக்கூடிய எதையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே வக்கீல் வைப்பது உரிமையல்ல, கோர்ட்டின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கேளுங்கள். பணமில்லையென்று நிற்க வேண்டாம். பெண்ணாயிருந்தால் வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி கொடுக்கும்படி 1987-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டியது அவர் கடமை. 181 என்ற டெலிபோன் எண்ணும் இருக்கிறது.

இனி ஆட்சேபணைக்கு வருகிறேன். "பெண்கள் பொய் வழக்குப் போடுகிறார்களே" என்கிறார்கள். போடுகிறவர்களும் இருக்கலாம். பொய்ப் புரோநோட்டு எழுதுகிறவன் இருக்கிறான் என்பதற்காகக் கடன் கொடுத்தவன் எவனும் கோர்ட்டுக்குப் போகக்கூடாதென்று யாராவது சொல்லுகிறார்களா? பொய்யா மெய்யா என்று பார்ப்பதற்குத்தானே ஜட்ஜுக்குச் சம்பளம்? மேலும் 2005-ம் வருஷச் சட்டத்தில் பிராது கொடுத்தவுடன் யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. கோர்ட்டு போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறையோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. உத்தரவை மதிக்கிற யோக்கியனுக்கு இதில் என்ன பயம்?

"ராஜியாய்ப் போனால் குடும்பம் பிழைக்குமே" என்பது இன்னொன்று. ராஜி சமமான இருவருக்குள் நடக்க வேண்டும். கழுத்தைப் பிடித்திருப்பவனுக்கும் பிடிபட்டவளுக்கும் நடப்பதற்குச் சரணாகதி என்று பெயர். எதிரில் அவனை உட்கார வைத்துக்கொண்டு, "உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டால் அவள் வேறென்ன சொல்லுவாள்?

சட்டத்திலும் ஓட்டை இல்லாமலில்லை. 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டுமென்று எழுதியிருக்கிறது. வருஷக்கணக்கில் அலைகிறவர்களை நீங்களே அறிவீர்கள். 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ஜாதியைப் புருஷன் பலாத்காரம் செய்தால் அது பலாத்காரக் குற்றமல்ல என்று 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். இவைகள் ஒழியும் வரையில் நாம் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமையும், கலியாணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தபோதும் ஊரார் சிரிக்கத்தான் செய்தார்கள். 1955-ல் விவாகரத்து சட்டமாயிற்று. 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்குச் சமபங்கு சட்டமாயிற்று.

ஆனால் சட்டசபை செய்ய முடியாத சில காரியங்கள் உண்டு. அவைகளை நீங்கள்தான் செய்ய வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களே! மகள் இரவில் வந்து கதவைத் தட்டினால், "புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தாயா?" என்று கேட்காதீர்கள், கதவைத் திறவுங்கள். அண்டை வீட்டுக்காரர்களே! அவள் அலறலைக் கேட்டது உண்மையானால், கோர்ட்டில் ஏறிக் கேட்டேன் என்று சொல்லுங்கள். ஆண் தோழர்களே! கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் பெண்ணுரிமை பேசுவது சுலபம். உங்கள் பெண்ஜாதியின் சம்பளம் யார் கையில் இருக்கிறது, அவள் வெளியே போக யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று இன்றிரவு உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்குச் சரியான பதில் சொல்ல முடிந்தவன்தான் சுயமரியாதைக்காரன்.