ஓப்பனிங் வீடியோ: பார்க்கிறது பாதி, நிறுத்துறது மீதி

கொல்லிமலையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க: "பையன் தினமும் செஸ் வீடியோ பார்க்கிறான். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போட்டிக்குப் போனா, பத்து மூவ்லயே மாட்டிக்கிறான். ஏங்க?"

பக்கத்துல கோச் இல்லாத ஊர்ல வீடியோதான் வாத்தியார். அதைப் பார்க்கிற முறையிலதான் விஷயம் இருக்கு.

இத்தாலியன் ஓப்பனிங்கை எடுத்துக்கலாம். வெள்ளை பிஷப் சி4-க்கு வருது. ஏன் அங்க? கறுப்போட எஃப்7 கட்டத்துக்கு ராஜா மட்டும்தான் காவல். கறுப்பு குதிரையை எஃப்6-ல வெச்சதும், வெள்ளை குதிரை ஜி5-க்குத் தாவுது. இப்ப எஃப்7 மேல ரெண்டு தாக்குதல். கறுப்பு டி5 ஆடுது, வெள்ளை சிப்பாயால வெட்டுது. உடனே குதிரையால திருப்பி வெட்டத்தான் கை போகும். வெட்டினா, வெள்ளை எஃப்7-ல குதிரையையே பலி கொடுத்து ராஜாவை நடுவெளிக்கு இழுத்துடும். இதுக்குப் பேரு 'ஃப்ரைட் லிவர்'. வெட்டாம, இன்னொரு குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குறதுதான் பழகிய பதில். ஒரு சிப்பாய் போகும். பதிலுக்கு காய்கள் வேகமா வெளியே வரும்.

வீடியோ பார்க்கிற பையனுக்கு வெள்ளையோட பொறி மட்டும் ஞாபகம் இருக்கும். எதிராளி ஏ5 ஆடினா கதை முடிஞ்சுது.

அதனால மூணு வேலை செய்யுங்க. ஒண்ணு, பக்கத்துல நிஜ போர்டு வெச்சு காயை நகர்த்துங்க. ரெண்டு, ஒவ்வொரு மூவுக்கு முன்னாடியும் வீடியோவை நிறுத்தி, "நான் என்ன ஆடுவேன்"னு நோட்டுல எழுதுங்க. மூணு, அதே ஓப்பனிங்கை ரெண்டு பக்கமும் ஆடிப் பாருங்க. சிக்னல் கிடைக்கிற இடத்துல டவுன்லோட் பண்ணிட்டா, ஒரே வீடியோவை ஒரு வாரம் வெச்சுக்கலாம். லிச்செஸ் தளத்துல பயிற்சி எல்லாமே இலவசம்.

2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல 18 வயசுல உலக சாம்பியனான சென்னை குகேஷ், ஆரம்ப வருஷங்கள்ல கம்ப்யூட்டர் எஞ்சின் உதவியில்லாம, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாகிட்ட சொந்தமா கணக்குப் போட்டே வளர்ந்தவர். விடையை முன்கூட்டியே பார்த்துட்டா மூளை உழைக்காது. வீடியோவும் அப்படித்தான்.

அம்மா, ஒரு மாசத்துக்கு ஒரே ஓப்பனிங் போதும். "இந்த மூவ் ஏன்?"னு நீங்க கேளுங்க. செஸ் தெரியாட்டியும் பரவாயில்லை. அவன் உங்களுக்குப் புரியும்படி சொல்லிட்டான்னா, அது அவனுக்கு வந்துடுச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.