சொல்லிக் கொடுக்காமல் யாரையும் மிஷின் முன்னாடி நிறுத்தாதீங்க

(நமது தொழிற்சங்க அணியின் பயிற்சி வகுப்பில் மூத்த தொழிலாளத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது. முழுமையாகப் படியுங்கள், ஆலைகளில் வேலை செய்யும் நம் தோழர்களுக்குப் பகிருங்கள்.)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல மிஷின் ஷாப்ல நின்னவன். அங்க சத்தமாப் பேசினாத்தான் பக்கத்துல இருக்கிறவனுக்கே கேக்கும். அதனால குரல் கொஞ்சம் தூக்கலா இருந்தா பொறுத்துக்குங்க.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஆலைக்குப் புதுசா வர்ற பிள்ளைங்களை எப்படி வழிநடத்துறதுங்கிறது. இதைப் பத்தி நான் படிச்சவன் இல்லை. ரெண்டு அனுபவம் இருக்கு. ஒண்ணு எனக்குப் பெருமை. இன்னொண்ணு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. ரெண்டையும் சொல்லிடுறேன்.

ஐ.டி.ஐ. முடிச்சதும் அம்பத்தூர்ல ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்தேன். பத்தொன்பது வயசு. அங்க ஒரு பெரியவர் இருந்தார், டர்னர். நாங்க எல்லாரும் அவரை வாத்தியார்னுதான் கூப்பிடுவோம். மூணு நாள் என்னை லேத்தைத் தொடவே விடல. "நில்லு, பாரு, என்ன புரிஞ்சுதுன்னு சாயங்காலம் சொல்லு" அவ்வளவுதான். நாலாவது நாள் சக் கீயைக் கையில கொடுத்தார். "இதைச் சக்குல விட்டுட்டு மிஷினை ஆன் பண்ணினா, குண்டு மாதிரி பறந்து உன் மூஞ்சிக்கே வரும். உன் கை சக்கை விட்டு வரும்போது கீயும் கூடவே வரணும்"னார்.

க்ளவுஸ் போட்டுக்கிட்டு லேத் ஓட்டப் போனேன். பாதுகாப்புதானேன்னு நினைச்சேன். கழட்டுடான்னார். திட்டிட்டு விட்டுடல, காரணமும் சொன்னார். "சுத்துற ஜாப் க்ளவுஸோட நுனியைப் பிடிச்சா துணியோட நிக்காது, கையையும் சேர்த்து உள்ள இழுக்கும். சூடான ஜாப்பை இறக்கும்போது போட்டுக்கோ, ஓடும்போது போடாதே." சிப்ஸைக் கையால இழுக்கக் கூடாது, கொக்கியாலதான் எடுக்கணும். ஏன்னா அது பிளேடு மாதிரி. ஏர் ஹோஸை வெச்சுச் சட்டையில இருக்கிற தூசியை ஊதக் கூடாது. ஏன்னா கண்ணுல, காதுல அடிச்சா போச்சு. அவர் எதைச் சொன்னாலும் பின்னாடியே ஒரு "ஏன்னா" வரும். இன்னைக்கு என் பத்து விரலும் முழுசா இருக்குன்னா, அதுல பாதி அந்த "ஏன்னா"வுக்குச் சேரணும்.

இப்போ ரெண்டாவது.

பல வருஷம் கழிச்சு இன்னொரு கம்பெனியில பிரஸ் ஷாப் பக்கத்துல எனக்கு வேலை. அங்க ஒரு பழைய பவர் பிரஸ். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாத்தான் ரேம் இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா டைக்குள்ள கை இருக்காது, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனா கவுண்ட் சீக்கிரம் ஏறணும்னு யாரோ ஒரு பட்டனை அழுத்தி டேப் சுத்தி விட்டிருந்தாங்க. ஒரு கையால பட்டன், இன்னொரு கையால ஷீட். வேகம் கூடும். அப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து ஒரு பையன் கான்ட்ராக்ட்ல வந்தான். வந்து மூணாவது நாள் அந்த பிரஸ்ல நிறுத்தினாங்க. நான் அந்தப் பக்கமா நடந்து போனேன். டேப்பைப் பார்த்தேன், பையனையும் பார்த்தேன். நின்னு ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம். என் மிஷின்ல என் கவுண்ட் பாக்கி இருந்துச்சு. அது என் செக்‌ஷனும் இல்ல. போயிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு விரல் போச்சு. வலது கை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவன் யாரையும் திட்டல. "அண்ணா, அந்த டேப் அப்படித்தான் இருக்கணும் போலன்னு நினைச்சேன்"னு சொன்னான்.

தோழர்களே, அந்த டேப்பை ஒட்டினது நான் இல்லை. ஆனா அது இருக்கக் கூடாதுன்னு அந்தப் பையனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். புதுசா வர்றவனுக்கு எது சரி, எது கோளாறுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. நாம எதைச் செய்யறோமோ அதுதான் அவனுக்குப் பாடம். நாம சும்மா இருந்தா அதுவும் பாடம்தான்.

ஏன் சும்மா இருக்கோம்? மூணு காரணம் சொல்லுவாங்க.

முதல் காரணம், நேரம் இல்லை. இது உண்மைதான். டார்கெட்டை நம்ம கழுத்துல கட்டிட்டு, "அப்படியே அந்தப் பையனுக்கும் கத்துக் கொடு"ன்னா எப்படி முடியும்? அதனால நிர்வாகத்துக்கிட்ட நாம கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சொல்லிக் கொடுக்கிற நேரமும் வேலை நேரம்தான். அதைக் கணக்குல எடுத்துக்கிட்டு, சொல்லிக் கொடுக்கிறவரோட கவுண்ட்டைக் குறைக்கணும்.

ரெண்டாவது காரணத்தை யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க. டீக்கடையில சொல்லுவாங்க. "நான் கத்துக் கொடுத்தா, நாளைக்கு அவனைக் குறைஞ்ச கூலிக்கு வெச்சுக்கிட்டு என்னை அனுப்பிடுவான்." இந்தப் பயம் பொய்னு நான் சொல்ல மாட்டேன். நடக்குது. ஆனா தொழிலை ஒளிச்சு வெச்சா அது நிக்குமா? அவனை எப்படியும் அந்த மிஷின்ல நிறுத்தத்தான் போறாங்க. தெரியாமலே நிறுத்துவாங்க, அவ்வளவுதான். கான்ட்ராக்ட் முறையை எதிர்த்து, ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்டு நாம போராடணும். அந்தப் போராட்டத்துக்கு கேட் மீட்டிங்ல நம்ம பக்கத்துல யார் நிப்பான்? நாம கைப்பிடிச்சுக் கத்துக் கொடுத்த பையன்தான் நிப்பான்.

மூணாவது, "நாங்கல்லாம் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டோம்." அடிபட்டதைப் பெருமையாச் சொல்றவங்க கையைக் கொஞ்சம் பாருங்க. தழும்பு இருக்கும், சிலருக்கு நகம் இருக்காது. அந்தச் சீதனத்தை அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கணுமா?

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கணும். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துல 23ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. 18 வயசு ஆகாத இளையோரை ஆபத்தான மிஷின்ல நிறுத்தணும்னா, அதுல என்ன ஆபத்து, எப்படித் தப்பிக்கணும்னு முழுசாச் சொல்லியிருக்கணும்னு அதுல இருந்துச்சு. போதுமான பயிற்சி கொடுத்திருக்கணும், இல்லேன்னா அந்த மிஷினை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் மேற்பார்வையில நிக்கணும்னும் இருந்துச்சு. சுதந்திரம் வாங்கின மறுவருஷமே எழுதி வெச்சாங்க. நம்ம பையனுக்கு 19 வயசு, அந்தப் பிரிவு பொருந்தாதுன்னு வாதம் பண்ணியிருக்கலாம். 18 முடிஞ்ச மறுநாள் விரல் இரும்பாயிடுமா?

போபால் விஷவாயுக் கொடுமைக்கு அப்புறம் 1987ல அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. வேலை செய்யற இடத்துல உள்ள ஆபத்தைப் பத்தி விவரம் கேக்கிறதும், பாதுகாப்புப் பயிற்சி பெறுறதும் தொழிலாளியோட உரிமைன்னு எழுதினாங்க. சட்டங்களைத் தொகுப்பா மாத்தினப்போ பிரிவு எண் மாறியிருக்கலாம். அந்த நியாயம் மாறாது.

எப்படிக் கத்துக் கொடுக்கிறது? இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க ஆலைகள்ல அனுபவமே இல்லாத ஆண்களும் பெண்களும் லட்சக்கணக்குல சேர்ந்தாங்க. அவங்களுக்குச் சீக்கிரமா வேலை சொல்லிக் கொடுக்க ஒரு நாலு படி முறை வகுத்தாங்க. போருக்கு அப்புறம் அது ஜப்பானுக்குப் போச்சு, டொயோட்டா அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப எளிமையானது.

ஒண்ணு, வந்தவனோட பதற்றத்தைப் போக்குங்க. ஏற்கெனவே என்ன தெரியும்னு கேளுங்க.

ரெண்டு, ஒவ்வொரு படியா நீங்க செஞ்சு காட்டுங்க. முக்கியமான இடத்துல நிறுத்தி, ஏன்னு சொல்லுங்க.

மூணு, அவனைச் செய்யச் சொல்லுங்க. செய்யும்போதே ஏன் அப்படிச் செய்யறான்னு அவன் வாயாலயே சொல்ல வையுங்க.

நாலு, தனியா விடுங்க. சந்தேகம் வந்தா யார்கிட்ட கேக்கணும்னு சொல்லிட்டு, அடிக்கடி போய்ப் பாருங்க.

யோசிச்சுப் பார்த்தா எங்க வாத்தியார் செஞ்சதும் இதுதான். அவர் எந்தப் புத்தகமும் படிச்சதில்லை.

ஒரு விஷயம் கவனிங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. பிகார்ல இருந்து, ஒடிசாவுல இருந்து வந்த பையன் மொழி புரியாம ஆட்டுவான். நம்ம ஊர்ப் பையன் பயத்துல ஆட்டுவான். தலையாட்டலை நம்பாதீங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க.

அப்புறம், கத்தாதீங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆயிரக்கணக்கான தங்கச்சிங்க கிராமத்துல இருந்து கம்பெனி பஸ்ல வந்து இறங்குறாங்க. பல பேருக்கு அதுதான் முதல் வேலை. முதல் கேள்விக்கே "இது கூடத் தெரியாதா"ன்னு கத்தினா, ரெண்டாவது கேள்வி வராது. கேள்வி நின்னு போன இடத்துலதான் விபத்து ஆரம்பிக்குது.

இங்கிருந்து போன பிறகு, உங்க ஆலையில நாலு காரியம் செய்யணும்னு கேட்டுக்கிறேன்.

1. புதுசா சேர்ற ஒவ்வொருத்தருக்கும், கான்ட்ராக்டா இருந்தாலும், ஒரு மூத்த தொழிலாளியைப் பேர் சொல்லிப் பொறுப்பாக்கச் சொல்லுங்க. "எல்லாரும் பார்த்துக்குங்க"ன்னா யாரும் பார்க்க மாட்டாங்க.

2. சொல்லிக் கொடுக்கிறவருக்குக் கவுண்ட்ல சலுகை கேளுங்க. அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில இதையும் எழுதுங்க.

3. டேப் ஒட்டின பட்டன், கட்டிப் போட்ட சென்சார், கழட்டி வெச்ச கார்டு எதைப் பார்த்தாலும், உங்க செக்‌ஷனா இல்லையான்னு பார்க்காம நிறுத்தச் சொல்லுங்க.

4. புதுசா வந்தவர் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள்ள வந்தா எண் பதிவாச்சான்னு கேளுங்க. வேலையில காயம் பட்டா அந்தப் பலன் முதல் நாள்லயே உண்டு. அப்ரண்டிஸா இருந்தா, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளியோட பொறுப்பு.

கடைசியா ஒண்ணு. நாம யாரும் கட்சிக்குள்ள வரும்போதே கொள்கை விளக்கம் பேசிக்கிட்டு வரல. சுவரொட்டி ஒட்டத்தான் வந்தோம். பசை எவ்வளவு கெட்டியா இருக்கணும், ஏணியை எப்படிச் சாய்க்கணும், கரண்ட் கம்பி பக்கம் போகாதேன்னு யாரோ ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்தார். அந்த அண்ணன் இல்லேன்னா நாம இன்னைக்கு இங்க இல்ல.

அந்த அண்ணனா ஆலையிலயும் இருப்போம். அன்னைக்கு நான் நிக்காமப் போன அந்த ஒரு நிமிஷம், நீங்க நின்னு பேசுங்க.



#தொழிலாளர்_பாதுகாப்பு #இளம்_தொழிலாளர்கள்