துயர்தணிப்புக்கு இசைவுச் சீட்டா?

(உரையின் எழுத்து வடிவம்)



நிலம் நடுங்கும்பொழுது அது நாட்டெல்லை பார்ப்பதில்லை. எந்த ஆட்சியின்கீழ் எவர் வாழ்கின்றார் என்று கேட்பதுமில்லை. நடுக்கம் ஓய்ந்தபின் நீளவேண்டிய கைகளோ இவை யாவற்றையும் பார்த்தே நீள்கின்றன. எண்ணிப் பார்க்கவேண்டிய கொடுமை இது.

ஒரு நாட்டின் ஆட்சியாளரைப் பணியவைக்க, அந்நாட்டொடு நடக்கும் வாணிகத்தையும் பணப் போக்குவரத்தையும் அறுத்துவிடுவதே பொருளியல் தடை. போரினும் இது மென்மையானது என்பர். மென்மை எவர்க்கு? 1990 ஆகத்து 6 அன்று ஒன்றிய நாடுகளின் பாதுகாப்பு அவை ஈராக்கின்மேல் தடை விதித்தது. மருந்துக்கும், மாந்தநேய நிலைமைகளில் உணவுக்கும் அதில் விலக்கு எழுதப்பட்டே இருந்தது. இருந்தும் என்ன? எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் நடைமுறைக்கு வர 1996 திசம்பர் ஆயிற்று. பாக்குதாதில் அப்பணியை ஒருங்கிணைத்த தெனிசு ஆலிடே, தடையின் கொடுமை பொறாது 1998 இல் பணி துறந்தார். அவர்க்குப்பின் வந்த ஆன்சு வான் இசுபோனெக்கும் 2000 இல் பணி துறந்தார். அரண்மனையை நோக்கி எய்த அம்பு அடுக்களையில் தைத்ததை அருகிருந்து கண்டவர்கள் அவர்கள்.

அண்மைக்கு வருவோம். 2023 பிப்பிரவரி 6 விடியற்காலையில், துருக்கியின் தென்பகுதியையும் சிரியாவின் வடபகுதியையும் 7.8 அளவுடைய நிலநடுக்கம் குலுக்கியது. அன்று நண்பகலிலேயே 7.5 அளவில் மற்றொன்று. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் மாண்டனர். சிரியாவிலும் பல்லாயிரவர் மாண்டனர். இடிபாட்டுள் சிக்கியோரை உயிரொடு மீட்கும் வாய்ப்பு முதல் 72 மணி நேரத்திலேயே மிகுதி என்பது மீட்புப் பணியாளர் யாவரும் அறிந்தது. நிலநடுக்கத் துயர்தணிப்புக்கென அமெரிக்கக் கருவூலத்துறை பொது இசைவு வழங்கிய நாள் எது? பிப்பிரவரி 9. அந்த மூன்று நாள் கழிந்த பின்னர்! துயர்தணிப்பு அமைப்புகள் முன்னிசைவு பெறவேண்டும் என்னும் கட்டை ஐரோப்பிய ஒன்றியம் தளர்த்தியதோ பிப்பிரவரி 23 அன்று. அமெரிக்க இசைவின் வாழ்நாள் 180 நாள். 2023 ஆகத்து 8 உடன் அது முடிந்தது. இடிந்த ஊர் 180 நாளில் எழுந்துவிடுமோ?

“விலக்கு முன்னரே இருந்தது, உணவையும் மருந்தையும் எவரும் தடுக்கவில்லை” என்றனர் தடை விதித்தோர். தாளில் இருந்தது மெய்யே. அங்ஙனமாயின் புதிய இசைவு எதற்கு? அதற்குரிய விடை வைப்பகத்தின் வாயிலில் உள்ளது. மண் தோண்டும் பொறியை வாடகைக்கு அமர்த்தவும், மின்னாக்கிக்கு எண்ணெய் வாங்கவும் ஓர் அமைப்பு பணம் விடுக்கின்றது. வைப்பகம் கணக்குப் பார்க்கின்றது: கிடைக்கும் கூலி சிறிது; பிழை நேர்ந்தால் வரும் தண்டமோ மலையளவு. தடைகளை மீறியமைக்காகப் பிரெஞ்சு வைப்பகமான பி.என்.பி. பாரிபா 2014 இல் அமெரிக்காவுக்குக் கட்டிய தொகை ஏறத்தாழ 900 கோடி தாலர். அதைக் கண்ட வைப்பகம் எதுவும் துணியுமோ? ஆவணம் கேட்கும், மேலும் ஆவணம் கேட்கும், இறுதியில் மறுத்துவிடும். சட்டம் திறந்துவைத்த கதவை அச்சம் அடைத்துவிடுகின்றது.

பழி முழுவதும் தடையின் மேலதன்று. எதிரணியினர் கையிலிருந்த பகுதிகட்கு உதவி செல்வதை அசாது ஆட்சி பல்லாண்டு தடுத்துவந்தது. 2014 இல் பாதுகாப்பு அவை இசைந்த நான்கு எல்லைவாயில்கள், உருசியாவும் சீனாவும் இட்ட மறுப்பாணைகளால் 2020 இல் ஒன்றாகச் சுருங்கின. மேலும் இரண்டைத் திறக்க அசாது இசைந்தது, நிலம் நடுங்கி ஏழு நாள் கழித்தே. ஆட்சியாளனும் அவனை ஒறுப்பவனும் மோதுமிடத்தில் அகப்பட்டு நைபவர் மக்களே. அசாது 2024 திசம்பரில் வீழ்ந்தார். தடைகளுள் பெரும்பாலானவை 2025 இல் நீங்கின. மாண்டவர் மீண்டிலர்.

2022 திசம்பர் 9 அன்று பாதுகாப்பு அவை 2664 ஆம் முடிவை நிறைவேற்றியது. ஒன்றிய நாடுகளின் சொத்து முடக்கங்கள் துயர்தணிப்புப் பணியைத் தடுக்கா என்பது அதன் சாரம். அது வல்லரசுகள் தாமே விதிக்கும் தடைகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் நன்முடிவு. பதினான்கு நாடுகள் ஏற்றன. ஏற்காது ஒதுங்கிய ஒரே நாடு எது? இந்தியா! வன்முறைக் குழுக்கள் விலக்கைத் தவறாக ஆளும் என்பது தில்லி காட்டிய கரணியம். கள்வன் வருவான் என்று கிணற்றை மூடுவதா? கணக்கைப் பின்னர்த் தணிக்கை செய்க. தண்ணீரை முன்னர்த் தருக.

இதன் கொடுமையைத் தமிழினம் ஏட்டில் படித்து அறியவில்லை. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஈழத்தின் வடக்கு, கிழக்குக் கரைகளை விழுங்கியது. துயர்தணிப்பைப் பகிர்ந்து நடத்தச் சிங்கள அரசும் விடுதலைப் புலிகளும் உடன்பாடு காண 2005 சூன் 24 ஆயிற்று. மூன்றே கிழமையில், சூலை 15 அன்று, கொழும்பின் தலைமை முறைமன்றம் அதன் முதன்மைக் கூறுகளை இடைநிறுத்தியது. உடன்பாடு உயிர்பெறவே இல்லை. கடலுக்கப்பால் அமெரிக்காவிலோ, பட்டியலிடப்பட்ட அமைப்புக்குப் பொருளுதவி செய்வதைக் குற்றமாக்கிய சட்டம் இருந்தது. 1996 முதல் அதில் விலக்குப் பெற்றவை இரண்டே: மருந்தும் சமயப் பொருள்களும். சோற்றுக்கு விலக்கில்லை, குடிநீருக்கு விலக்கில்லை, கூடாரத்துக்கு விலக்கில்லை. 1997 இல் புலிகள் அப்பட்டியலில் ஏறினர். ஆளுவோர் வழியே மக்களை அடையவேண்டிய சோறும் அதனால் குற்றப்பொருளாயிற்று.

ஆகவே, தமிழர் உலகின்முன் வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. விலக்கு, இடர் வந்தபின் அருளும் கொடையாக இல்லாமல், இடருக்கு முன்னரே நிற்கும் உரிமையாதல் வேண்டும். அது நாள் குறித்து முடியாமல், வீடு எழும்வரை நிற்றல் வேண்டும். நல்லெண்ணத்தொடு பணம் விடுக்கும் வைப்பகத்துக்கு எழுத்திலே காப்பு வேண்டும். தனக்கென அரசில்லா இனத்துக்கும் அது பொருந்துதல் வேண்டும்.

சிரியத் தாய்க்காகவும் ஈராக்கியக் குழந்தைக்காகவும் பேசாத வாய், நாளை ஈழத்துக்காகப் பேசும்பொழுது எவர் செவிகொடுப்பர்? அறம் இசைவுச் சீட்டுக்குக் காத்து நிற்பதன்று. அதை உலகுக்கு உரக்கச் சொல்லத் தமிழினம் எழுக!