எவ்வூர் என்பார்க்கு

(சைதாப்பேட்டையில் நடைபெற்ற தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஒருவர் மற்றொருவரைப் புதிதாகக் கண்டவிடத்து முதலிற் கேட்பது பெயர். அடுத்துக் கேட்பது ஊர். பெயரைச் சொல்லத் தயங்குவார் இலர். ஊரைச் சொல்லுங்கால்தான் கேட்பவர் முகத்தை ஒரு நொடி பார்த்துக் கொள்கின்றனர். இச்சைதாப்பேட்டை ஆற்றங்கரைத் தெருவிற் பிறந்த ஓர் இளைஞனை எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருக்காரர் கேட்டால் தெருப்பெயரைச் சொல்வான். பெண் பார்க்கச் சென்ற வீட்டிற் கேட்டால், "தியாகராய நகருக்கு அடுத்தாற்போல்" என்பான். மதுரையிற் கேட்டால் "சென்னை". தில்லியிற் கேட்டால் "தமிழ்நாடு", கேட்டவர், "ஓ, மதராசியா?" என்றால் அதற்கும் தலையாட்டுவான். துபாயிற் கேட்டால் "இந்தியா". அவன் இருக்கும் இடம் ஒன்றே. அதை அளக்கும் கோலோ ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்பவர் கையில் இருக்கின்றது!

'மதராசி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இச்சைதாப்பேட்டை 1946-ஆம் ஆண்டுவரை சென்னை மாநகராட்சிக்குள் இருந்ததே இல்லை. இது செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். 1859 முதல் அம்மாவட்டத்தின் தலைநகராகவும் இருந்த ஊர். மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரத்துக்கு மாறியது 1968-இல்தான். ஆகவே, அந்நாளில் இங்கு வாழ்ந்தவரைச் சென்னைக்காரர் 'வெளியூரார்' என்றனர்; வடநாட்டாரோ 'மதராசி' என்றனர். மதராசுக்குள்ளேயே சேர்க்கப்படாதவன் மதராசி! பழைய மாகாணத்தில் தமிழரொடு தெலுங்கர், கன்னடர், மலையாளிகளும் இருந்தமையின் நால்வர்க்கும் இப்பெயரை ஒட்டி விட்டனர். பெயர்தானே, என்ன கெடுதி என்பார் உளர். 1966-க்குப் பின் பம்பாயிற் சிவசேனைக்காரர் தென்னாட்டாரைத் தாக்கியபோது, தாக்கப்பட்ட கடைக்காரன் திருநெல்வேலியான். உடுப்பியான் என்று எவரும் வேறு பிரித்துப் பார்த்திலர். ஒரு பெயர்க்குள் அடைக்கப்பட்டார் அனைவர்க்கும் அடி ஒன்றாகவே விழுந்தது.

'தமிழ்நாடு' என்று விடை சொல்லும் உரிமையும் எளிதில் வந்ததன்று. விருதுநகர்ச் சங்கரலிங்கனார் 1956-இல் எழுபத்தாறு நாள் உண்ணாநோன்பிருந்து அக்டோபர் 13-ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் முன்வைத்த கோரிக்கைகளுள் இப்பெயர் மாற்றமும் ஒன்று. 1967 சூலை 18-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிற்று. 1969 சனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் நின்று 'தமிழ்நாடு' என்னும் இளைஞன் இதனை அறிந்து சொல்கின்றானா என்பது வேறு செய்தி.

இனி, பெண் பார்க்கச் சென்றவிடத்துச் சொன்ன விடைக்கு வருவோர், அதனுள் ஒரு வெட்கம் ஒளிந்திருத்தலைக் காண்பர். பேட்டை என்பது வணிகரும் கைத்தொழிலாளரும் கூடிய இடத்தின் பெயர். இராயப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லாம் உழைப்பவர் கையால் உண்டான ஊர்கள். அச்சொல்லையே இன்று போக்கிரியைக் குறிக்கும் அடைமொழியாக்கி விட்டனர். அதற்கஞ்சித் தியாகராய நகரின் நிழலில் ஒதுங்குகின்றான் இளைஞன். அந்நகரோ நேற்றைய பிள்ளை. 1923-ஐ ஒட்டி மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றச் செய்து, அதன் படுகையில் மனை பிரித்து எழுப்பியது அது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைவரை நீண்டு கிடந்த நீர்நிலை போயிற்று, கடைத்தெரு வந்தது. ஏரிப்படுகையில் வாழ்பவர்க்கு வெட்கம் இல்லை. ஆற்றங்கரையில் வாழ்பவனுக்கு மட்டும் ஏன்?

அவ்வாற்றின் மேல் கிடக்கும் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1726-இல் பெட்ரசு உசுக்கான் என்னும் ஆர்மேனிய வணிகர் தம் கைப்பொருள் கொண்டு முதற்பாலம் கட்டினார். வெள்ளையர் அதனை 'மார்மலாங்' பாலம் என்றனர். மாம்பலம் என்னும் நல்ல தமிழ்ப்பெயர் அயலார் நாவிற் பட்ட பாடு அது! 1966-இல் பழம்பாலம் போய்ப் புதுப்பாலம் வந்தபோது அதற்கு மறைமலையடிகள் பெயர் இடப்பெற்றது. பொருத்தம் மிக உடைய பெயர். அடிகள் 1911 முதல் வாழ்ந்த பல்லாவரம், இப்பாலங்கடந்து அதே சாலையிற் சென்றால் வரும். இன்றும் பேருந்தில் ஏறுவோர் 'சைதாப்பேட்டைப் பாலம்' என்றே சீட்டுக் கேட்கின்றனர். போகட்டும், 'மார்மலாங்' என்று கேட்கவில்லையே!

அளவுகோல் பிறர் கையில் இருப்பது ஊர்ப்பெயரோடு நிற்கவில்லை. வளைகுடா நாடுகட்கு வேலைக்குச் செல்லும் தமிழன் 'மத்திய கிழக்கு' நாட்டில் இருப்பதாக எழுதுகின்றான். யாருக்குக் கிழக்கு? இலண்டனில் இருந்தவனுக்குக் கிழக்கு. சைதாப்பேட்டையினின்று பார்த்தால் ஞாயிறு மறையும் பக்கமன்றோ அது! மலேயாத் தமிழரைத் 'தூரக் கிழக்கு' என்றதும் அவ்வாறே. நாகப்பட்டினத்தினின்று கப்பலேறியவர்க்கு அது அண்டை நாடு. கையிற் கட்டிய கடிகாரமும் இதற்கு விலக்கன்று. சென்னை வானாய்வுக் கூடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. அதன் நேரத்தையே இந்தியத் தொடர்வண்டிகள் பல்லாண்டுகள் பின்பற்றின. 1906 முதல் கங்கைச் சமவெளி வழியாகச் செல்லும் எண்பத்திரண்டரைப் பாகைக் கோட்டின் நேரம் வந்தது. சைதாப்பேட்டையில் ஞாயிறு உச்சிக்கு வருமுன், ஏறத்தாழ ஒன்பது நிமையம் முன்னதாகவே, கடிகாரம் நண்பகலைக் கடந்து விடுகின்றது. ஒரு நாட்டுக்கு ஒரு பொதுநேரம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், அது பொதுமையின் பொருட்டு ஏற்றுக்கொண்ட நேரமேயன்றித் தன் தலைக்கு மேல் நிற்கும் ஞாயிற்றின் நேரமன்று என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழுக்கெனச் சொந்த அளவுகோல் இல்லையா? உண்டு. கிழக்கு என்னும் சொல்லின் வேர் 'கீழ்'. மேற்கு என்பதன் வேர் 'மேல்'. தமிழ்நிலம் மேற்கே மலையில் உயர்ந்து, கிழக்கே கடலில் தாழ்கின்றது. காவிரியும் வையையும் பாலாறும் இவ்வடையாறும் மேலிருந்து கீழாகவே, மேற்கிருந்து கிழக்காகவே ஓடுகின்றன. திசையைச் சொல்லும்போதே நிலத்தின் சாய்வையும் நீரின் போக்கையும் சேர்த்துச் சொல்லும் மொழி இது. மலையாள நாட்டைப் பாருங்கள். அங்கே கிழக்கே மலை, மேற்கே கடல். ஞாயிறு படும் திசை என்னும் பொருளில் மேற்கைப் 'படிஞ்ஞாறு' என்கின்றனர். ஆயின், வானளாவும் மலை நிற்கும் திசையை இன்றும் 'கிழக்கு', அஃதாவது தாழ்ந்த பக்கம், என்றே சொல்கின்றனர்! அச்சொல் மலைக்கு இப்பாலிருந்து சென்றது என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டினார் கால்டுவெல். மலையாளிகளைத் தாழ்த்துதற்கு இதனை எடுத்தாளுதல் சிறுமை. ஊர் மாறிய பின்னும் ஒரு சொல் தான் பிறந்த நிலத்தை மறவாமல் வைத்திருக்கும் வியப்புக்கே இது காட்டு.

இத்தகைய சொல்லையும் தமிழன் கெடுத்துக்கொண்டான் என்பதையும் மறைத்தலாகாது. 'எந்த ஊர்' என்று கேட்டவன் அதனோடு நிற்பதில்லை. 'எந்தத் தெரு' என்கின்றான். மேலத்தெருவா, கீழத்தெருவா, சேரியா என்று அறிந்தபின்தான் திண்ணையைக் காட்டுவதா, முற்றத்தைக் காட்டுவதா என்று முடிவு செய்கின்றான். நிலத்தின் சாய்வைச் சொன்ன மேலும் கீழும் மாந்தரின் ஏற்றத்தாழ்வுக்கு ஆகிவிட்டன. அயலான் 'மதராசி' என்றதற்குக் கொதிப்பவன், தன் ஊரில் இக்கேள்வியைக் கேட்பானாயின், அக்கொதிப்புக்கு என்ன மதிப்பு?

சொல் உணர்த்துவதை மறந்தமையால் வந்த இழப்பை இவ்வூர் கண்ணாற் கண்டது. 2015 திசம்பர் முதல் நாள் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதாக அரசு கணக்குச் சொல்லிற்று. வழியிலிருந்த மற்ற ஏரிகளின் மிகைநீரும் உடன் சேர்ந்தது. அடையாறு கரை கடந்தது. மறைமலையடிகள் பாலத்திற் போக்குவரவு நின்றது. கரையோரத் தெருக்களில் வீடுகள் மூழ்கின. "எங்கே வாழ்கின்றீர்?" என்றால் "சென்னையில்" என்று சொல்லிப் பழகிய மாநகரத்துக்கு, தான் ஓர் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருப்பதும், மேற்பக்கம் ஓர் ஏரி நிரம்பியிருப்பதும் அன்றிரவுதான் நினைவுக்கு வந்தன. 'மேற்கு' என்னும் சொல் அதனை ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக் கொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்தபின் என்ன நடந்தது? ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடிக்கு அப்பால், பெரும்பாக்கத்து அடுக்குக் கட்டடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. அப்பெரும்பாக்கத்துக்கும் நிலவியல் வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1802-இல் இலாம்டன் என்னும் வெள்ளை அதிகாரி இந்தியா முழுவதையும் அளப்பதற்கு முதல் அடிக்கோடு இட்டார். ஒரு முனை, இவ்வாற்றுக்கு அப்பால் தெரியும் பரங்கிமலைப் பக்கம். மறுமுனை பெரும்பாக்கத்துக் குன்று. இடையில் ஏறத்தாழ ஏழரைக் கல். இமயம் வரை ஒவ்வோர் ஊரும் எங்கிருக்கின்றது என்பதைச் சொல்லுதற்கு இக்கோடே தொடக்கமாயிற்று. அக்கோட்டின் முடிவிற்கொண்டு போய் விடப்பட்டவர்க்கோ, தாம் எங்கிருக்கின்றோம் என்று சொல்ல ஒரு தெருப்பெயரும் இல்லை. கட்டட எண், மாடி எண், கதவெண், அவ்வளவே. வீட்டுவேலைக்கும் சுமைத்தொழிலுக்கும் விடியுமுன் பேருந்தேறிப் பழைய பேட்டைக்கே வந்து போகும் தாய்மார் அவருள் உளர்.

சங்கப் புலவர் பலர் தம் ஊர்ப்பெயரையே தம் பெயரின் முன் வைத்தனர். பூங்குன்றமும் மாங்குடியும் ஆலங்குடியும் இன்றும் வாழ்வது அவ்வழியே. பெரும்பாக்கத்து மக்கட்கு இழந்த கரையை மீட்டுத்தரும் ஆற்றல் இக்கூட்டத்துக்கு இல்லை. எனினும், எண்கள் மட்டுமே எழுதிய அக்கட்டடங்களின் வாயிலில், அங்கு வந்தோர் விட்டுப்போந்த தெருக்களின் பெயரையும் எழுதுக என்று அரசுக்கு விண்ணப்பம் அனுப்பும் ஆற்றல் உண்டு. விண்ணப்பம் எழுதி வைக்கப்பெற்றுள்ளது. அவை கலையுமுன், வாயிலருகே உள்ள பலகையில் ஒவ்வொருவரும் பெயரும் ஊரும் தெருவும் எழுதிக் கையொப்பமிட்டுச் செல்லுக.