குலமுறை கிளத்துவோர் நோயையும் கூறுக



மருத்துவ மாணவியாகிய நான் என் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், மார்பகப் புற்றுநோயும் பரம்பரையும் என்பது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, அட்டை கட்டப்பெற்று, இன்று நூலகத் தட்டிலே இருக்கும் அவ்வேடு எவர்களுடைய குடும்ப வரலாறுகளால் ஆனதோ, அவர்கள் முன்னிலையிலேயே, அவர்கள் மொழியிலேயே, அதன் சாரத்தை ஒப்புவிக்க வாய்ப்பளித்த இவ்வாசிகசாலையின் நிர்வாக சபைக்கு நன்றி.

நம் உடலில் ஒரு கலம் இரண்டாகப் பிரியுந்தோறும், அதனுள்ளிருக்கும் 23 சோடி நிறமூர்த்தங்களில் அடங்கிய செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்குமிடத்துப் பிழை நேர்வது இயல்பு. ஏடுகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைத் தந்த நாட்டாருக்கு, திருத்துவார் இல்லாத ஏடு என்ன கதியடையும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. கலத்தினுள்ளே அத்திருத்தப் பணிக்குத் துணைநிற்கும் பரம்பரையலகுகளுள் இரண்டே பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்பன. ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நாம் இரு பிரதிகளைப் பெறுகிறோம். அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதாயிருந்து, மற்றதும் பின்னாளில் ஏதேனுமொரு கலத்தில் பழுதுறுமாயின், அக்கலத்தில் பிழைகள் மலிந்து புற்றுநோய்க்கு வழி பிறக்கும். முதலாவது பரம்பரையலகு 17 ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளதென்பதை 1990 இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளெயர் கிங் அம்மையார் நிலைநாட்டினார். அவருக்குக் கைகொடுத்தவை, நோய் கண்ட பல குடும்பங்களின் வம்சாவளிகளும், அக்குடும்பத்தார் மனமுவந்து அளித்த இரத்தமுமே.

என் பணியிலும் பிரதான கருவிகள் தாளும் பென்சிலுந்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவர்க்கு உள்ளே கருமை, இறந்தவர்க்குக் குறுக்குக்கோடு என்னும் முறைப்படி தலைமுறை தலைமுறையாக வரைந்து செல்ல வேண்டும். ஒரு வீட்டு விறாந்தையிலே மூதாட்டி ஒருவர், பூட்டனார் காலத்துக் காணி எல்லை தொடங்கிக் கனடாவிலுள்ள பேர்த்தியின் பிறந்த நட்சத்திரம் வரை தடையின்றிச் சொல்லி வந்தவர், தம் சின்னம்மாவின் வட்டத்தை அணுகியதும் குரலைத் தாழ்த்தி, “அவவுக்கு நெஞ்சில கட்டி, பிள்ளை. அந்தக் காலத்தில உதெல்லாம் வெளியில சொல்லுற வருத்தமே? குமர்ப்பிள்ளையள் இருந்த வீடெல்லோ!” என்றார்.

சனகனுடைய அவையிலே விசுவாமித்திர முனிவர் இராமனின் குலப்பெருமையை எடுத்துரைப்பதைக் குலமுறை கிளத்து படலமாகவே கம்பர் பாடிவைத்தார். சம்பந்தம் பேசுமிடத்து நாமும் அவ்வாறே குலமுறை கிளத்துகிறோம். காணி, சீதனம், உத்தியோகம், படிப்பு யாவற்றையும் விரிக்கிறோம். நோயை மாத்திரம் விழுங்கிவிடுகிறோம். அவ்வாறு விழுங்கச் செய்யும் அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. மார்பகப் புற்றுநோய்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே பிறவியில் வந்த பரம்பரையலகு விகாரத்தால் நேர்வன. பெற்றோருள் ஒருவருக்கு அவ்விகாரம் இருப்பின், பிள்ளைக்கு அது வருவதற்கு எத்துணை வாய்ப்புண்டோ, வாராதிருப்பதற்கும் அத்துணை வாய்ப்புண்டு. பழியைத் தாய்வழியிலே சுமத்தும் வழக்கமும் நியாயமன்று; தமக்கு நோயேதுமின்றியே தந்தையும் அதனை மகளுக்குக் கடத்தக்கூடும். இது மேனாட்டார் விவகாரம் என்று ஒதுக்கவும் இயலாது. இலங்கை நோயாளரிடத்து பி.ஆர்.சி.ஏ. 1 இல் கண்ட மாற்றங்கள் 2008 இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்துள்ளன. குடும்பத்து நோயை அறிந்தவர் இளவயதிலேயே பரிசோதனையைத் தொடங்கலாம். அறியாதவரோ கட்டி பெருத்த பின்னரே வைத்தியரைத் தேடுகிறார். மறைப்பதனால் நோய் நின்றதில்லை; சிகிச்சையே பிந்தியது.

2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் கால்நடையாக நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. முகமறியாத நோயாளருக்காக அயலார் தீவின் நீளம் முழுவதும் நடந்தார்கள் என்றால், பெற்ற பிள்ளைகளுக்காக நாம் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லுதல் பெரிய காரியமன்று.

ஆதலின், தாய்மார்களே, தந்தையர்களே, தாய்வழி தந்தைவழி இரண்டிலும் யார் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் கண்டது என்பதை ஒரு தாளில் எழுதி உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதிற் குறித்தவர்களுள் ஐம்பது வயதுக்கு முன்னரே மார்பகப் புற்றுநோய் கண்டவர் ஒருவர் இருப்பினும், அத்தாளோடு வைத்தியரைச் சென்று காணுங்கள். இதுவே என் ஆய்வு உங்களிடம் வேண்டுவது.