மே மாதத்தில் எங்களுக்குப் பசிக்காதா?



2012-இல் 16,549 பேரைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குள் பகுதிநேர ஆசிரியர்களாக அழைத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி, தோட்டக்கலை சொல்லிக்கொடுக்க வாரத்தில் மூன்று அரை நாள்; மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். 2014-இல் அது 7,000 ஆனது, 2017-இல் 7,700, 2021-இல் 10,000. 2024 ஜனவரியிலிருந்து 12,500. இதற்குள் எத்தனை பேர் வெறுத்துப்போய் விலகினார்கள், எத்தனை பேர் செத்தே போனார்கள்! 2025-இல் மிஞ்சியிருந்தது சுமார் 12,000 பேர்.

“அரை நாள் வேலைதானே, மீதி நேரத்தில் வேறு ஏதாவது பார்க்கலாமே” என்கிறார்கள். திங்கள் காலை வர மாட்டேன், புதன் மதியம் வர மாட்டேன் என்று சொல்கிறவனுக்கு எந்தக் கடையில் ஐயா வேலை கொடுப்பார்கள்? நான் ஓவிய ஆசிரியன். கடைகளுக்கு போர்டு எழுதினேன். ஃபிளெக்ஸ் வந்தது, அந்த வருமானமும் போயிற்று. தையல் ஆசிரியைகள் ராத்திரி பதினோரு மணி வரை ஜாக்கெட் தைக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் முன்னால் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மே மாதத்தை எப்படிப் பொறுப்பது? பள்ளிக்கு விடுமுறை, ஆகவே எங்களுக்குச் சம்பளம் கிடையாது என்றார்கள்! 2025 மே மாதமும் அப்படித்தான் போனது. ஏப்ரல் சம்பளம் கைக்கு வந்தால், அடுத்த சம்பளத்தைப் பார்க்க ஜூன் முடிய வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தில் இரண்டு மாத வீட்டு வாடகை, இரண்டு மாதப் பால் கணக்கு. நடுவில் ஜூன் பிறக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் பை, செருப்பு, பஸ் செலவு வேண்டாமா? மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கு நோட்டைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் நம் பக்கம் திருப்பி வைக்கிறார். வீட்டில் மிச்சமிருக்கும் அரைப் பவுன் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. அதைத் திருப்புவதற்குள் அடுத்த மே வந்துவிடுகிறது.

12,500-ஐப் பதினோரு மாதத்தால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 11,458 ரூபாய். 2025-இல் இதுதான் நம் உண்மையான மாதச் சம்பளம்! அதே பள்ளியில் பணிபுரியும் நிரந்தர ஆசிரியருக்கு மே மாதமும் சம்பளம் வருகிறது. வரட்டும், அது அவருடைய உரிமை. அந்த உரிமையைத்தான் நாமும் கேட்கிறோம்.

2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வினர் 181-ஆவது வாக்குறுதியாக நம் பணி நிரந்தரத்தை அச்சடித்தார்கள். அதை நம்பி வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நிதி நெருக்கடி என்று பிறகு காரணம் சொன்னார்கள். எழுதும்போது கஜானா கணக்குத் தெரியாதா?

ஐநூறு, ஆயிரம் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இனி யாரும் நினைக்க வேண்டாம். மே மாதச் சம்பளத்துக்கு உடனே அரசாணை போடுங்கள். 181-க்கும் அரசாணை போட்டு, எங்களைக் காலமுறை ஊதியத்தில் நிரந்தரம் செய்யுங்கள். அதுவரை இந்தப் போராட்டப் பந்தலைப் பிரிக்க மாட்டோம்!